தில்லானா மோகனாம்பாள்: சிவாஜியின் விரல் பொருந்துகிறதா, இல்லையா?

ஏழாம்துளை

இந்தப் படத்தை மறுபடி பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். நேற்று கலைமணிதாசன் எழுதியிருக்கிறார்: “சிவாஜியின் விரல் ஒவ்வொரு சுரத்துக்கும் அச்சாகப் பொருந்துகிறது. ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. வித்வான்களே அசந்துபோவார்கள்.” எந்தச் சுரம், எந்த ஷாட், எந்த வித்வான்? ஒன்றும் கிடையாது. வாய்க்கு வந்ததை அடித்துவிட வேண்டியது, கீழே நாற்பது பேர் கைதட்ட வேண்டியது.

1968 ஜூலையில் வந்த படம். இயக்கம் ஏ.பி. நாகராஜன், இசை கே.வி. மகாதேவன். நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுச்சாமி சகோதரர்கள். அந்த ஒலிப்பதிவுக்கு, நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரமாக சிவாஜியும், கூட வாசிப்பவராக ஏ.வி.எம். ராஜனும் நடித்தார்கள். நடிப்பு அபாரம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் நடிப்பு வேறு, விரலடி வேறு.

நாதஸ்வரத்தில் 12 துளை. கீழே இருக்கும் 5 சுருதி சேர்ப்பதற்கு. மெழுகு வைத்துக் கூட்டிக் குறைப்பார்கள். விரல் படுவது 7 துளையில்தான். மேல் கைக்கு மூன்று விரல், கீழ்க் கைக்குச் சுண்டுவிரலோடு நான்கு. ஏழே துளையில் இரண்டு ஸ்தாயிக்கு மேல் போகிறார்களே, மீதி வேலையை யார் பார்க்கிறார்கள்? மூச்சும் உதடும், வாயில் வைத்து ஊதும் சீவாளியும். ஆகவே ஒவ்வொரு சுரத்துக்கும் பொருந்துகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. சொல்கிறவர் நாதஸ்வரத்தை ஆர்மோனியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கலைமணிதாசன்

வணக்கம் வித்வானே. கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை என்றால், பொருந்தவில்லை என்றும் உங்களால் சொல்ல முடியாது. உங்கள் வாதம் உங்களையே வெட்டுகிறது.

விரல் பொருந்துகிறது. மறுபடி சொல்கிறேன், பொருந்துகிறது. கெண்டைக்கு மேலே சீவாளியை உதட்டில் வைக்கும் விதம், வாசிப்புக்கு நடுவில் கண்ணாலேயே தவிலுக்கு இடம் கொடுப்பது, கழுத்து நரம்பு புடைப்பது, ஒரு சங்கதி முடிந்ததும் தோள் தளர்வது, இவ்வளவையும் கவனித்துச் செய்த நடிகர் விரலை மட்டும் கோட்டை விட்டிருப்பாரா? கொஞ்சம் யோசியுங்கள்.

ஏழாம்துளை

“கோட்டை விட்டிருப்பாரா” என்பது ஆதாரம் இல்லை, பக்தி.

ரமாமணி_ரசிகை

இவருக்கு யாரையாவது பாராட்டினா பொறுக்காது. போன மாசம் இதே ஏழாம்துளை, மனோரமா பாத்திரம் கதைக்குத் தேவையே இல்லைன்னு எழுதினார், ஞாபகம் இருக்கு. ஜில் ஜில் ரமாமணியை எடுத்துட்டா சண்முகசுந்தரத்தோட கோபமும் வறட்டு கௌரவமும் மட்டும்தான் மிஞ்சும். அந்த மனுஷன் இளகுற இடமே ரமாமணி எதிர்ல இருக்கும்போதுதான். விரல் பொருந்துது. நானும் பார்த்தேன்.

ஏழாம்துளை

தேவையே இல்லை என்று எழுதவில்லை. “பாண்டியன் நானிருக்க” பாட்டு நீளம் என்று எழுதினேன். எல்.ஆர். ஈஸ்வரியின் குரலுக்காகக் கேட்கலாம், கதை அங்கே நிற்கிறது. இரண்டும் ஒன்றல்ல. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

விரலுக்கு வருவோம். “பொருந்துது, நானும் பார்த்தேன்” என்கிறவர்களுக்காக ஒருமுறை விளக்கமாகச் சொல்கிறேன்.

கருவியின் உடல் உலவு. ஆச்சா மரம், நன்றாகக் காய்ந்த பழைய கட்டையாக இருந்தால் விசேஷம். அடியில் விரிந்திருப்பது அணசு. மேலே உலோகத்தில் கெண்டை, அதன் மேல் நாணல் தட்டையில் செய்த சீவாளி. கயிற்றில் தொங்குவது உபரிச் சீவாளிகளும் ஊசியும். சீவாளி காய்ந்தால் பேசாது, ஊறிவிட்டால் தொளதொளத்துவிடும், வாய் அதிகம் திறந்தால் மூச்சு விரயம். அதனால்தான் மாற்றுச் சீவாளி கையோடு தொங்குகிறது. இனி சுரம்:

முதலாவது, ஒரே விரல் வைப்பில் மூச்சை அழுத்தினால் மேல் ஸ்தாயி வரும். விரலைப் பார்த்து கீழ் ஸ்தாயியா மேல் ஸ்தாயியா என்று சொல்ல முடியாது.

அடுத்தது அரைத் துளை, அதாவது துளையை விரலால் பாதி மூடுவது. இந்தப் படத்தில் “நகுமோமு” இருக்கிறது. ஆபேரி ராகம், தியாகராஜர் கீர்த்தனை. அதில் தைவதம் (‘த’ சுரம்) சதுச்ருதியா சுத்தமா, அதாவது ஏறியதா இறங்கியதா என்று சங்கீத உலகமே பிரிந்து நின்று வாதாடியிருக்கிறது. நாதஸ்வரத்தில் அந்த வித்தியாசம் விரல் துளையை எவ்வளவு மூடுகிறது, உதடு சீவாளியை எவ்வளவு இறுக்குகிறது என்பதில் இருக்கிறது. நெல் அகலம்கூட இல்லாத அசைவு. எட்டடி தள்ளி நிற்கும் கேமராவில் அதைப் பார்த்தேன் என்கிறீர்களா?

சுரத்தை அசைத்துக் காட்டும் கமகத்தில் பாதி மூச்சு, பாதி விரல். விரல் அசையாமலே சுரம் அசையும். இது தெரியாமல் “அச்சாகப் பொருந்துகிறது” என்று எழுதுவது வாசித்த சேதுராமன், பொன்னுச்சாமி இருவரின் உழைப்பை விரல் வித்தையாகக் குறுக்குவது. என் கோபமே அதில்தான்.

மூன்றுமணிநேரம்

ஒரு சந்தேகம். “பொருந்துகிறது” என்று எதைச் சொல்கிறீர்கள்? சுரம் மாறும்போது விரலும் அசைந்தால் போதுமா, அதே துளையில் அதே விரல் இருக்க வேண்டுமா? இதை முதலில் முடிவுசெய்தால் பாதிச் சண்டை தீரும்.

இன்னொன்று. வீட்டில் சிறியவர் பெரியவர் எல்லாரும் சேர்ந்து பார்க்கப் போகிறோம். மூன்று மணி நேரப் படம், எங்கே நிறுத்தினால் தொடர்ச்சி கெடாது?

கலைமணிதாசன்

பொருந்துகிறது என்றால் பொருந்துகிறது. இதில் முடிவுசெய்ய என்ன இருக்கிறது?

ஒட்டுரீல்

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். விரல் சரியா என்று பார்க்கும் முன்னால் படமும் ஒலியும் சேர்ந்து ஓடுகிறதா என்று பார்த்தீர்களா?

35 எம்.எம். பிரதியில் ஒலித்தடம் படத்துக்கு நேரே இருக்காது. ஏறக்குறைய 20 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். ஏனென்றால் புரொஜெக்டரில் விளக்குக்கு முன்னால் இருக்கும் ‘கேட்’டில் படம் நின்று நின்று நகர்கிறது. ஒலிக்குப் பிலிம் சீராக ஓட வேண்டும். அதனால் ஒலித்தலையைக் கீழே தள்ளி வைத்திருப்பார்கள். நடுவில் தளர்வாக விடும் பிலிம் வளைவு, அதாவது லூப், கூடினாலோ குறைந்தாலோ ஒலி தள்ளிப்போகும். நொடிக்கு 24 பிரேம், அதாவது ஒரு பிரேம் ஏறக்குறைய 42 மில்லி நொடி.

துரித காலத்தில் நொடிக்கு எட்டுச் சுரம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுரத்துக்கு 3 பிரேம். ஒலி 3 பிரேம் தள்ளியிருந்தால் நீங்கள் பார்ப்பது ஒரு சுரத்தின் விரல், கேட்பது பக்கத்துச் சுரம். அசல் வித்வானையே படம் எடுத்துக் காட்டினாலும் பொருந்தாது.

எப்படிச் சோதிப்பது? வசனக் காட்சியில் ப, ம வரும் இடம் பாருங்கள். உதடு மூடும் பிரேமில் ஒலி அடைபட வேண்டும். பழைய பிரதியிலிருந்து மாற்றியதாக இருந்தால் ரீலுக்கு ரீல் பார்க்க வேண்டும். 1000 அடி ரீல் 11 நிமிடம் ஓடும். ஒரு ரீல் முழுக்கத் தள்ளியிருந்தால் லூப் கோளாறு, அல்லது மாற்றும்போது சேர்த்தவர் பிழை. பிலிம் அறுந்து ஒட்டிய இடமென்றால் படம் முதலில் துள்ளும், 20 பிரேம் கழித்து ஒலி துள்ளும், ஒரு நொடிக்குள் தானாகச் சேர்ந்துவிடும்.

அதோடு புளூடூத் ஒலிபெருக்கியில் பார்த்துவிட்டு விரலைப் பற்றிப் பேசாதீர்கள். அது தனியாக 100 முதல் 200 மில்லி நொடி தாமதம் கொடுக்கும். கம்பி போட்ட ஹெட்போனில் கேளுங்கள். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். அது இல்லாத பிரேம்களை நடுவில் தானே உருவாக்கும், வேகமான விரல் அதில் கூழாகிவிடும்.

ஏழாம்துளை

கேட்டுக்கொள்ளுங்கள் தாசன். ஒலியே தள்ளியிருக்கலாம். அப்படியிருக்க, அச்சாகப் பொருந்தியது எப்படி?

ஒட்டுரீல்

நான் உங்கள் கட்சி இல்லை. “பொருந்தவில்லை” என்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கலைமணிதாசன்

நான் பார்த்தது நல்ல பிரதி. திரை முழுவதும் அகலமாக, சினிமாஸ்கோப்பில், விரல் பளிச்சென்று தெரிந்தது.

ஒட்டுரீல்

அப்படியானால் நீங்கள் பார்த்தது வெட்டிய பிரதி. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’, அதுவும் இதே நாகராஜன், இதே சிவாஜி. தில்லானா மோகனாம்பாள் அதற்கு ஐந்து வருடம் முந்தியது, பழைய சதுரச் சட்டம், உயரம் 1 என்றால் அகலம் 1.37. இப்போதைய டிவி 1.78. திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டுவார்கள். கணக்குப் போட்டால் உயரத்தில் நூற்றுக்கு 23 போய்விடும். நாதஸ்வரம் கீழ்நோக்கிச் சரிந்து இருக்கும் கருவி. சட்டத்தின் கீழ்ப்பகுதி போனால் என்ன போகும்? முதலில் அணசு, அடுத்தது கீழ்க் கையின் விரல்கள். வெட்டாமல் இழுத்து நிரப்பியிருந்தால் ஆட்கள் முப்பது சதவீதம் குண்டாகத் தெரிவார்கள், மோகனாவாக நடித்த பத்மினி முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் அதுதான் சரியான பிரதி. பட்டை இருக்கிறதே என்று ஜூம் பட்டனை அழுத்துகிறவர்கள்தான் அதிகம்.

ஏழாம்துளை

ஆக, நான்கு விரல் சட்டத்துக்கு வெளியே. மூன்று விரலைப் பார்த்துவிட்டு ஏழு துளைக்கும் தீர்ப்பு எழுதிவிட்டார். “ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை” என்ற வரியை அழித்துவிடலாமே, தம்பி?

கலைமணிதாசன்

தம்பி என்று கூப்பிடும் வேலை வேண்டாம். வயது தெரியாமல் தம்பி போடுவது எந்த ஊர் மரியாதை?

வரியை அழிக்க மாட்டேன். எல்லா ஷாட்டிலுமா கீழ்ப்பகுதி வெட்டுப்படுகிறது? தூரத்து ஷாட்டில் முழு நாதஸ்வரமும் தெரிகிறது, விரல் பொருந்துகிறது. “நலந்தானா” பாட்டில் எங்காவது லேசாகத் தடுமாறுவது போலத் தெரிந்தால், அதுவும் நடிப்புதான். கத்திக்குத்துப் பட்டு மீண்டு வந்து உட்கார்ந்திருக்கும் சண்முகசுந்தரம் முன்போலவா வாசிப்பான்? மோகனா ஆடிக்கொண்டே நலம் கேட்பது அதனால்தானே. விரலில் அந்த வலியைக் கொண்டுவந்திருக்கிறார் நடிகர் திலகம். இது உங்கள் துளைக் கணக்கில் அடங்காது.

ஏழாம்துளை

அடடா. பொருந்தினாலும் மேதை, பொருந்தாவிட்டாலும் மேதை. பிறகு எதற்கு விரலைப் பார்க்கிறீர்கள்?

வலி பாத்திரத்துக்கு. வாசித்தவர்களுக்கு வலி இல்லை. ஒலியில் தடுமாற்றம் இருந்தால் விரலிலும் தடுமாற்றம் இருக்கலாம். ஒலியைக் கண்ணை மூடிக் கேளுங்கள். நாதம் ஓரிடத்திலும் உடையவில்லை, சுரம் சுத்தமாக இருக்கிறது. சுத்தமான ஒலிக்குத் தடுமாறும் விரல் காட்டினால் அதற்குப் பெயர் பொருந்தாமை. நீங்களே உங்கள் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

கலைமணிதாசன்

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. “தெரிந்தால்” என்றுதான் எழுதினேன். விரல் பொருந்துகிறது.

தவில்கழி

எல்லாரும் நாதஸ்வரத்தையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டி.எஸ். பாலையாவைப் பாருங்கள். இந்தப் படத்தில் கருவி வாசிப்பதை நடித்துக் காட்டியதில் முதல் பரிசு அவர் நடித்த தவில்காரர் முத்துராக்குவுக்குத்தான்.

தவிலில் பொய் சொல்ல முடியாது. வலப் பக்கத் தோலான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விரிந்து விழ வேண்டும், இடப் பக்கமான தொப்பியில் கழி. அந்த அடி மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். தோளிலிருந்து வந்தால் பார்க்கிற எவனுக்கும் தெரியும், ஏனென்றால் தோளை அசைத்துத் துரிதத்தில் அடிக்கவே முடியாது. கூடு என்பது துணியைப் பசை தடவிச் சுற்றி இறுகக் காயவைத்தது. அதை மாட்டிக்கொண்டு கையை இயல்பாக வைத்திருப்பதே பெரிய காரியம். பாலையா உட்காரும் விதம், தவிலைத் தொடையில் அணைக்கும் விதம், கடைசி முத்தாய்ப்பான தீர்மானம் முடிந்ததும் நிமிர்ந்து பார்க்கும் அந்தத் திமிர்! ‘திருவிளையாடல்’ ஹேமநாத பாகவதரும் இதே பாலையாதான். “ஒருநாள் போதுமா”வில் பாலமுரளிகிருஷ்ணா குரலுக்கு வாயசைத்த மனிதர்.

ரமாமணி_ரசிகை

பாலையா நல்ல நடிகர், யார் இல்லேன்னா? அதுக்காக முதல் பரிசா? தவில்ல அடி விழுற சத்தம்தான் பெருசு, கை எங்க இருந்தாலும் பொருந்தின மாதிரி தெரியும். நாகேஷோட சவடால் வைத்தி கருவியே இல்லாம காட்சிக்குக் காட்சி ஜெயிக்குது. அதை ஒருத்தரும் பேசல.

தவில்கழி

“கை எங்க இருந்தாலும் பொருந்தின மாதிரி தெரியும்” என்று தவிலைப் பற்றி எழுதுகிறவரோடு எனக்குப் பேச்சே இல்லை.

ஒட்டுரீல்

தவில்கழி சொன்னதில் ஒரு பிரயோஜனம் இருக்கிறது. கழி தோலைத் தொடும் கணம் ஒரே பிரேமில் தெரியும். ஒலி அந்தப் பிரேமில் வருகிறதா என்று பார்த்தால், பாட்டுக் காட்சியில் ஒலி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அதைச் சரிசெய்துவிட்டு விரலைப் பாருங்கள்.

ஏழாம்துளை

தப்பு. பாலையாவும் பதிவுக்குத்தான் கை அசைக்கிறார். அவர் இரண்டு பிரேம் பிந்தினால் அது பிரதியின் குறையா, அவர் குறையா? நடிகரை வைத்து நடிகரை அளக்கிறீர்கள். வசனத்து உதட்டை வைத்துப் பார்க்கச் சொன்னீர்களே, அதுகூடப் பரவாயில்லை. ஆனால் வசனக் காட்சி ஒரு ரீல், பாட்டு வேறு ரீல் என்றால் அதுவும் உதவாது. ஒரே ரீலுக்குள் பாட்டுக்கு முன்னோ பின்னோ வரும் வசனமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அவசியமே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒலி தள்ளியிருந்தாலும் கவலையில்லை, சுரஞானமும் வேண்டாம். சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் சேர்ந்து வாசிக்கும் இடத்தில், இரண்டு நாதஸ்வரமும் ஒரே சங்கதியைப் பேசும் வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே சட்டத்தில் இருக்கும் ஷாட். ஒலியை அணைத்துவிடுங்கள். இரண்டு பேர் ஒரே சுரத்தை வாசித்தால் இரண்டு பேர் விரலும் ஒரே மாதிரி ஏறி இறங்க வேண்டும். கீர்த்தனையின் வரி பொதுவாகச் சேர்ந்து வாசிப்பது. ஆலாபனையும் கற்பனைச் சுரமும் மாற்றி மாற்றி வாசிப்பது. ஆகவே பின்னதை விட்டுவிடுங்கள். பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். வேகத்தைக் குறைத்து ஓடவிட வேண்டாம். பிளேயர் இடையில் படங்களைக் கலக்கும்.

தாசன் அவர்களே, செய்துபார்த்து எழுதுங்கள். இருவர் விரலும் ஒன்றுபோல ஏறி இறங்கினால் பேசலாம்.

கலைமணிதாசன்

ராஜன் தவறாக விரல் வைத்தால் அது சிவாஜி மேல் பழியா? நல்ல நியாயம். இந்தச் சோதனையில் ஜெயிப்பதற்கு இரண்டு பேரும் சரியாக இருக்க வேண்டும், தோற்பதற்கு ஒருவர் போதும். முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு வைக்கும் பரீட்சை. நான் எழுத மாட்டேன்.

உங்கள் பழக்கமே இதுதான். ‘திருவிளையாடல்’ பற்றிப் பேசியபோதும் “பாட்டும் நானே” பாட்டில் வீணை விரல் சரியில்லை என்று மூன்று நாள் இழுத்தீர்கள். சிவபெருமான் ஐந்து உருவமாகப் பிரிந்து பாடி, வீணை மீட்டி, குழல் ஊதி, மிருதங்கம் வாசித்து, கொன்னக்கோல் சொல்லும் காட்சி! அதில் போய் வீணைத் தண்டில் இருக்கும் மெட்டுக் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் நீங்கள்.

ஏழாம்துளை

ஆமாம், எண்ணினேன். வீணையில் 24 மெட்டு. எந்த மெட்டில் விரல் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியும், அரைத் துளை, மூச்சு என்ற பேச்சே கிடையாது. வீணையில் சோதிக்க முடியும் என்றேன், நாதஸ்வரத்தில் முடியாது என்கிறேன். இரண்டும் ஒரே நிலைப்பாடுதான். அன்றைக்கும் நீங்கள் பதில் சொல்லாமல் பக்திக்குப் போனீர்கள்.

ராஜன் தவறினால் சிவாஜி மேல் பழி இல்லை. ஆனால் இருவர் விரலும் ஒத்துப்போகவில்லை என்றால் குறைந்தது ஒருவர் பொருந்தவில்லை. அது சிவாஜி இல்லை என்று நீங்கள் எதை வைத்துச் சொல்வீர்கள்? காதை வைத்தா? காதுக்கு விரல் தெரியாது.

ஒட்டுரீல்

காது என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊர் பழைய டிவி ஒளிபரப்பு பால் (PAL) முறை, டிவிடிகளிலும் சில அப்படி. நொடிக்கு 25 பிரேம். 24 பிரேம் படத்தை 25-இல் ஓட்டினால் மணிக்கு 2 நிமிடம் 24 நொடி குறையும், மூன்று மணி நேரத்தில் 7 நிமிடம். நீளம் குறைந்ததும் “வெட்டிவிட்டார்கள்” என்று கத்துவார்கள். வெட்டியிருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் சுருதி ஏறிவிடும், அரைச்சுர இடைவெளியில் பத்துக்கு ஏழு பங்கு. 2 கட்டை சுருதியில் வாசித்தது 2-க்கும் இரண்டரைக்கும் நடுவில் எங்கோ கேட்கும். இந்தப் படத்து நாதஸ்வரம் என்ன சுருதி என்று வீடியோவைக் கேட்டுச் சொல்கிறவர்கள் முதலில் எந்தப் பிரதி என்று சொல்லுங்கள்.

ஏழாம்துளை

இது முக்கியம். சுருதி ஏறினால் நாதத்தின் கனம் போய்விடும். பாரி நாதஸ்வரம் நீளம், தாழ்ந்த சுருதி, கம்பீரம். திமிரி குட்டை, உச்ச சுருதி, கூர்மை. பால் பிரதியில் கேட்டுவிட்டு இது திமிரி மாதிரி ஒலிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். முக்கால் அரைச்சுரம் ஏறினால் பாரி திமிரி ஆகிவிடாது. இரண்டுக்கும் நடுவில் பல கட்டை தூரம்.

கலைமணிதாசன்

அது நான் எழுதியது. திமிரி “மாதிரி” என்றேன். ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துத் தொங்கும் இந்த வழக்கம் எப்போது போகுமோ.

கதை தெரியாமல் கருவியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் இப்படித்தான். கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்ற பெயரில் விகடனில் தொடராக எழுதி, கோபுலு படம் போட்டு, வாரா வாரம் ஜனங்கள் காத்திருந்து படித்த கதை. அந்தச் சண்முகசுந்தரத்தின் கர்வத்தை ஒரு முகத்துக்குள் கொண்டுவந்தவர் சிவாஜி. அந்தக் கர்வம் விரலிலும் தெரிகிறது.

ஏழாம்துளை

கோபுலு படத்திலும் விரல் பொருந்துகிறதா?

ரமாமணி_ரசிகை

இதுதான் வேணாங்கறது. பதில் இல்லேன்னா கிண்டல்.

மூன்றுமணிநேரம்

ஐயா, என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எங்கே நிறுத்தலாம்?

தவில்கழி

படத்திலேயே இடைவேளை வரும், அங்கே நிறுத்துங்கள், வேறு எங்கும் வேண்டாம். முக்கியமாகப் பாட்டுக்கு நடுவில் நிறுத்தாதீர்கள். “மறைந்திருந்து பார்க்கும்” சண்முகப்பிரியாவில் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தி மறுபடி ஆரம்பித்தால், தூணுக்குப் பின்னால் நிற்கிறவர்களை மோகனா கண்டுகொண்டு ஆடும் விளையாட்டே போய்விடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கத்திக்குத்துக் காட்சி வருகிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒலியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். மோனோ ஒலித்தடம், டிவி ஒலிபெருக்கியில் நாதஸ்வரமும் தவிலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இரையும். “குரல் தெளிவு” என்று சில டிவியில் ஒரு வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள், தவிலின் தொப்பி நாதத்தைத் தின்றுவிடும்.

ஏழாம்துளை

தொப்பியை மட்டுமல்ல, நாதஸ்வரத்தின் கீழ் ஸ்தாயியையும் சேர்த்துத் தின்னும். இதைச் சொல்லும்போது கருவியை மறந்துவிட்டீர்கள், தவில்காரர் புத்தி.

தவில்கழி

தவில் இல்லாமல் உங்கள் நாதஸ்வரம் தெருமுனை தாண்டாது. காலப்பிரமாணத்தை யார் பிடிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். பாலையாவின் கழியைப் பார்க்காமல் சிவாஜியின் விரலை மட்டும் பார்க்கிறவர்களுக்குப் பாதிப் படம்தான் தெரிகிறது.

கலைமணிதாசன்

விரல் பொருந்துகிறது. எத்தனை துளை சொன்னாலும் சரி.

ஏழாம்துளை

எந்த ஷாட்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். ஏழு விரலும் தெரியும் ஒரு ஷாட், சேர்ந்து வாசிக்கும் ஒரு வரி, கறுப்புப் பட்டை உள்ள பிரதி. கேட்டு எத்தனை பதிவு ஆயிற்று?

ஒட்டுரீல்

24 பிரேமில் மாற்றிய பிரதியாகவும் இருக்கட்டும்.

கலைமணிதாசன்

பார்த்தீர்களா, ஒன்றுக்கு நாலு நிபந்தனை. அடுத்தது கேமரா லென்ஸ் நம்பர் கேட்பீர்கள். வீணைக்கு மெட்டு எண்ணியவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

ஏழாம்துளை

24. மறுபடியும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ரமாமணி_ரசிகை

அந்தப் “பாண்டியன் நானிருக்க” பாட்டு நீளம்னு சொன்னீங்களே ஏழாம்துளை, எத்தனை நிமிஷம்னு பார்த்துட்டுத்தான் சொன்னீங்களா? பால் பிரதியிலயா, 24 பிரேம் பிரதியிலயா?